ஒரே பாயில் ஏழு பேர்: ஞாயிறு மதிய ஆட்டங்கள் பற்றி

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்தாயிற்று. மணி மூன்று. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பெரிய கோரைப்பாய் விரித்திருக்கிறோம். ஏழு பேர். மூத்தவர் 74 வயது அத்தை. இளையவள் தங்கையின் மகள், வயது 7. இடையில் நான், தங்கை, மாப்பிள்ளை, கல்லூரி முடித்த அண்ணன் பிள்ளைகள் இருவர். "என்ன விளையாடலாம்?" என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், ஏழு பதில் வந்துவிட்டது. கேரம் என்றால் நாலு பேருக்குத்தான் இடம். சீட்டு என்றால் சின்னவளுக்குத் தெரியாது. பாட்டுக்குப் பாட்டு என்றால் மாப்பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். பல்லாங்குழி என்று அத்தை சொன்னால், இரண்டு பேர் ஆட ஐந்து பேர் வேடிக்கை பார்க்க வேண்டும்.

வாராவாரம் பல வீடுகளில் எழும் கேள்விதான் இது. ஆனாலும் இதை யாரும் நின்று யோசிப்பதில்லை. வயதும் கைத்திறனும் பொறுமையும் வேறுவேறாக இருக்கிற ஏழு பேரை, இரண்டு மணி நேரம், யாரும் எழுந்து போகாமல் உட்கார வைக்கிற ஆட்டம் எது? எது வைக்காது? ஏன்? எனக்குத் தெரிந்த வீட்டு ஆட்டங்களை எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அதிர்ஷ்டத்தையும் திறமையையும் சரியான அளவில் கலந்த ஆட்டம் வேண்டும். தோற்றவர் திரும்பி வர வழி வேண்டும். அதற்கும் மேலாக, விதியைக் கொஞ்சம் வளைத்துக்கொடுக்கிற ஒரு வீடு வேண்டும்.

பழைய சான்றுகளைப் பார்த்தால், குடும்பம் முழுவதும் ஒன்றாய் உட்கார்ந்து ஆடும் காட்சி அரிதாகத்தான் கிடைக்கிறது. நற்றிணையின் 3ஆம் பாட்டில் வேப்பமர நிழலில் சிறுவர்கள் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். அங்கே சிறுவர்கள் மட்டும்தான். புறநானூற்றின் 52ஆம் பாட்டில் பாழடைந்த பொதுவிடம் ஒன்று வருகிறது. அங்கே நரைத்த முதியவர்கள் உட்கார்ந்து வல் என்னும் ஆட்டம் ஆடிய இடம் குழிந்து கிடக்கிறது. ஆடியவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குழி நிறையக் காட்டுக்கோழி முட்டையிட்டு வைத்திருக்கிறது. போரில் அழிந்த ஒரு ஊரைக் காட்டுவதற்கு மருதன் இளநாகனார் எடுத்துக்கொண்ட அடையாளம், ஆளில்லாத ஓர் ஆட்டக்களம். ஆட்டம் நின்றுபோன இடத்தில் ஊரும் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பாட்டை நான் எப்போது படித்தாலும் அந்தக் குழியில் வந்து நின்றுவிடுவேன். அங்கேயும் ஆடியவர்கள் கிழவர்கள் மட்டுமே.

கீழடியில் சுடுமண் வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, பகடைக்காயும் கிடைத்திருக்கிறது. வைகைக் கரையில் ஆட்டம் எவ்வளவு சாதாரணமாய் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே போதும். தேவநேயப் பாவாணர் 1954இல் எழுதிய 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' நூலில் ஆட்டங்களை ஆண்பாலார் ஆடுவது, பெண்பாலார் ஆடுவது, இருபாலாரும் ஆடுவது என்று பிரித்தார். பகலாட்டு, இரவாட்டு என்றும் பகுத்தார். அந்தப் பகுப்பே ஒரு செய்தி சொல்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுவேறு களம், நேரத்துக்கு ஓர் ஆட்டம். அப்பாவும் மகளும் அத்தையும் ஒரே பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்றால், அதற்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்தாக வேண்டும். அப்படி ஒரு நாள் எல்லோருக்கும் எப்போதும் இருந்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் போராடி 1890இல்தான் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். நாம் சாவகாசமாகப் பாய் விரிக்கிற அந்த மதியம் அப்படிக் கேட்டு வாங்கப்பட்டது.

இனி ஆட்டங்களுக்கு வருவோம். என் தராசில் முதலில் நிற்பது தாயம்.

எங்கள் வீட்டுத் தாயக்கட்டை பித்தளை. விரல் நீளத்தில் இரண்டு கட்டைகள். நாலு நாலு முகம். ஒரு முகத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, இன்னொன்று வெறுமை. அத்தை அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, நெய் தேய்ப்பதுபோல் மெதுவாக உருட்டுவார். பித்தளையோடு பித்தளை உரசும் அந்தச் சத்தம் கேட்டால் சமையலறையில் இருப்பவர்களும் கை துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பிறகு மணிக்கட்டை லேசாகத் திருப்பித் தரையில் விடுவார். கட்டை உருண்டு, ஒன்றின்மேல் ஒன்று மோதி நிற்கும். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை. "தாயம்!"

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதுவரை கட்டத்துக்கு வெளியே காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்பு எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு முகம் கொண்ட இரண்டு கட்டைகள் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம். எட்டில் ஒரு பங்கு. ஆகவே ஐந்து முறை உருட்டியும் தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். பத்து முறை உருட்டினாலும் நாலில் ஒருவர் இன்னும் வெளியேதான் இருப்பார். "எனக்கு மட்டும் ஏன் விழவே மாட்டேங்குது?" என்று சின்னவள் அழும்போது, அவள் பக்கத்தில் கணக்கு இருக்கிறது. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. 16இல் ஒரே ஒரு விதம். ஆறும் அப்படித்தான். ஐந்து 2 விதம். மூன்றுதான் அடிக்கடி வரும், 4 விதம். எங்கள் வீட்டில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். அதாவது 16இல் 6. சிலருக்கு வரிசையாக விழுந்து, காய்கள் ஓடி, மற்றவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதெல்லாம் இந்த ஆறினால்தான்.

ஆனால் தாயத்தை வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தள்ள முடியாது. விழுந்த எண்ணை எந்தக் காய்க்குப் போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. குறுக்குக்கோடு போட்ட கட்டத்தை எங்கள் பக்கம் மலை என்பார்கள். அதில் ஏறி உட்கார்ந்தால் யாரும் வெட்ட முடியாது. ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்ளே போய்ப் பழம் எடுக்க முடியும் என்பது எங்கள் வீட்டு விதி. ஆகவே மலையிலேயே ஒளிந்துகொண்டு ஜெயிக்க வழி கிடையாது. துணிந்து இறங்கி ஒருவரைப் பகைத்துக்கொண்டே ஆக வேண்டும். அந்தப் பகையில்தான் பேச்சு வரும், சிரிப்பு வரும், "உன் கல்யாணத்துக்கு நான் செஞ்ச சீரையெல்லாம் மறந்துட்டியா, என் காயையா வெட்டுற?" என்ற வழக்கும் வரும். ஏழு வயதுக்காரி 74 வயது அத்தையை நியாயமாகவே தோற்கடிக்க முடிகிற ஆட்டம் இது. யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, கட்டையே பார்த்துக்கொள்ளும். அதே சமயம் பத்து ஆட்டம் ஆடினால் அத்தைதான் அதிகம் ஜெயித்திருப்பார். நான் தேடிய கலவை இதுதான்.

தாயத்தின் உறவுக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வடக்கே பச்சீசி, ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அதன் கட்டங்களைக் கல்லிலேயே அமைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அதை எளிமையாக்கி 1896இல் லூடோ என்று காப்புரிமை பெற்றார்கள். அதில் வெட்டினால்தான் உள்ளே போகலாம் என்ற கட்டாயம் இல்லை. அதனால் லூடோவில் பயந்தவரும் ஜெயிக்கலாம். எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

பரமபதத்தில் யோசிக்க எதுவுமே இல்லை. பகடை சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். ஏணி தூக்கும், பாம்பு இறக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் தூக்கம் வராமலிருக்க ஆடுவது அதனால்தான் சரியாக இருக்கிறது: நள்ளிரவு தாண்டி மூளை வேலை செய்யாத நேரத்திலும் ஆடலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. ஆனால் ஞாயிறு மதியம் பெரியவர்கள் அரை மணிக்கு மேல் தாங்க மாட்டார்கள். தாயத்தில் கிடைக்கிற பழிவாங்கல் இதில் இல்லையே!

எதிர் முனையில் இருப்பவை ஆடுபுலியும் பல்லாங்குழியும். ஆடுபுலியில் பகடை இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 சந்திகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் கட்டும். கோயில் தரைக்கற்களிலும் பாறைகளிலும் இந்தக் கோடுகளைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படை இல்லாத ஆட்டம் என்பது இதன் அழகு. பலமுள்ள மூன்றை, பலமில்லாத பதினைந்து கூடி நின்று மடக்குகிறது. அதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அது கண்டுபிடிக்கிற முதல் விஷயம், தனியாக முன்னால் ஓடிய ஆடு சாகும் என்பதுதான்.

பல்லாங்குழி பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளிப் போட வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் வழித்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். இவ்வளவுதான் விதி. ஆனால் அத்தை ஆடும்போது பாருங்கள். வலது கை போட்டுக்கொண்டிருக்கும்; கண் ஐந்து குழி முன்னால் இருக்கும். எங்கே தொடங்கினால் எங்கே போய்க் கை காலியாகும், அதற்கடுத்தது காலியா என்று எல்லாவற்றையும் அள்ளும் முன்பே அவர் பார்த்து முடித்திருப்பார். "எப்படி அத்தை?" என்று கேட்டால், "குழியப் பாத்தாலே தெரியுதே" என்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். எழுபது கொட்டையையும் நினைவில் வைத்துக்கொண்டு நகர்த்துகிற அந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்கு மதிப்பெண்ணாகத் தரவில்லை. இலங்கையில் ஒலிந்த, மலாய்க்காரர்களிடம் சொங்காக், ஆப்பிரிக்காவில் பல பெயர்கள் என்று இந்தக் குழியாட்டம் பரவியிருக்கிறது. நான் பார்த்த வரையில் இங்கே அதைக் காத்தவர்கள் பெண்கள். சீர்வரிசையோடு அதுவும் புகுந்த வீட்டுக்குப் போனது.

ஆயினும் என் கேள்விக்குப் பல்லாங்குழி பதிலாகாது. இரண்டு பேர் மட்டும் ஆடலாம் என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, அத்தையோடு ஆடினால் யாரும் ஜெயிக்க முடியாது என்பது. திறமை மட்டுமே பேசும் ஆட்டத்தில் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்த முடிவுக்காக யார் உட்கார்ந்திருப்பார்கள்?

கேரமுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அது வேறு வழியில் அதைக் கடந்துவிட்டது. முதலில் ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்ட இடம் சென்னை. அந்த நகரத்து மரிய இருதயம் 1991லும் 1995லும் உலகப் பட்டம் வென்றார். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் கொண்டுவந்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். தெருமுனை மன்றத்தில் குண்டு பல்பு ஒன்றைப் பலகைக்கு மேல் தொங்கவிட்டு ஆடும் ஆட்டத்திலிருந்து இப்படி உலகப் பட்டம் வரை ஒரு நேர்கோடு இருக்கிறது. இங்கே நான் எடை போடுகிற வேறு எந்த ஆட்டத்துக்கும் இது இல்லை.

வீட்டில் நடப்பது இன்னொன்று. மாவு தூவியதும் பலகை வழுவழுவென்று ஆகிவிடும். முதல் அடியில் வெள்ளையும் கறுப்பும் சிதறும் சத்தத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் அது மறுபடி நடுவுக்கு வருவதைப் பார்க்கும் வேதனையும் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மகன் நன்றாக ஆடுவான். தொடங்கினால் நாலைந்து காய் போட்டுவிட்டுத்தான் நிறுத்துவான். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு வழக்கம் வந்துவிட்டது. ஒன்று, நன்றாக ஆடுபவரும் ஆடத் தெரியாதவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே அணியாக இருக்க வேண்டும். இரண்டு, அவன் இடது கையால்தான் அடிக்க வேண்டும். சின்னவள் ஸ்டிரைக்கரைக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் வைத்து, விரல் வலித்தால் தள்ளியும் விடலாம். கூட்டமைப்பின் விதிப்படி தள்ளுவது ஃபவுல். எங்கள் பாயில் இதுதான் சட்டம்.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் என் கட்டுரையின் மையம் இதுதான். தமிழில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு சொல் இருக்கிறது. ஆடத் தெரியாத சின்னக் குழந்தையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஓடும், பிடிக்கும், கத்தும். ஆனால் அது அவுட்டானால் அவுட்டில்லை. அந்தக் குழந்தைக்குத் தான் கணக்கில் இல்லை என்று தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் தெருவில் தாங்களே வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது. சப்பாணி என்றால் நடக்க முடியாதவர் என்று அகராதி சொல்லும். பிள்ளைத்தமிழில் நாலாவதாக வரும் சப்பாணிப் பருவமோ குழந்தை உட்கார்ந்து கைகொட்டுகிற பருவம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகொட்டும் குழந்தைதான் கண்ணில் வருகிறது. ஆட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கைகொட்டினாலும் அது ஆட்டத்துக்குள்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சொற்களும் நம்மிடம் நிறைய. போங்கு ஆட்டம், அழுகுணி ஆட்டம், கள்ளாட்டம். யாழ்ப்பாணத்துக்காரர் "அளாப்புறான்" என்பார். இந்தச் சொற்கள் இல்லாமல் எந்த ஞாயிறும் முடிவதில்லை. விதியை வளைப்பதில் இரண்டு வகை உண்டு என்பதை நம் மொழி நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. எல்லோரும் சம்மதித்து, பலவீனமானவருக்காக வளைத்தால் அது ஒப்புக்குச் சப்பாணி. ஒருவர் மட்டும் ரகசியமாக, தனக்காக வளைத்தால் அது போங்கு. ஆட்டம் கலைந்துபோவது இரண்டாவதால்தான். முதலாவது இல்லாமல் ஆட்டம் தொடங்குவதே இல்லை.

சீட்டு என்றதும் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். தருமன் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் இல்லாத சீட்டு வேறு பிராணி. ஈழத்தமிழர் வீடுகளில் ஆடும் முந்நூற்று நாலைப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு இனத்துக்கு 76. நாலு இனத்துக்கு 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. ராஜாவும் ராணியும் அடியில் கிடக்க, சேவகன் உச்சியில் இருக்கிறான். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டு. கைக்கு வந்த முதல் நாலு சீட்டைப் பார்த்தே கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பேசாமலேயே கூட்டாளியின் கையைப் படிக்கத் தெரிய வேண்டும். கேரளத்தில் ஆடும் 28 இதன் சொந்தம். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் கூட்டாளியாய் அமர்ந்தால் அவர்களைத் தோற்கடிக்கவே முடியாது என்று சொல்வார்கள். நான் பார்த்த ஒரு தம்பதி விஷயத்தில் அது முழு உண்மை.

சின்னவர்களுக்குக் கழுதை இருக்கிறது. கையில் சீட்டு மிஞ்சியவர் கழுதை. ஜெயிப்பவர் பலர், தோற்பவர் ஒருவர். மற்ற ஆட்டங்களைத் தலைகீழாக்கிய இந்த அமைப்பு ஏழு பேர் உள்ள பாய்க்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் ஆறு பேர் சந்தோஷமாக எழுந்திருப்பார்கள். தாளில் எழுதி மடித்துப் போடும் ராஜா ராணி மந்திரி திருடன் போலீஸுக்கும் இந்த நல்ல குணம் உண்டு. திருடன் சீட்டு வந்த குழந்தை முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ள முயல்வதும் காது மட்டும் சிவப்பதும் பார்க்கக் கண் கொள்ளாது. தம்போலாவில் 1 முதல் 90 வரை எண் கூப்பிடுவார்கள். சொந்தபந்தம் ஐம்பது பேர் கூடிய கல்யாண வீட்டுக்கு அது ஏற்றது, ஏழு பேருக்குச் சப்பென்றிருக்கும்.

கடைசியாகப் பாட்டுக்குப் பாட்டு. ஓர் அணி முடித்த எழுத்தில் அடுத்த அணி பாட்டைத் தொடங்க வேண்டும். அப்துல் ஹமீது இலங்கை வானொலியிலும் பின்னர் சன் தொலைக்காட்சியிலும் நடத்திய நிகழ்ச்சி இதைக் கடைக்கோடி வீடு வரை கொண்டுபோனது. தமிழில் இந்த ஆட்டத்துக்கு இலக்கணமே ஒரு முட்டுக்கட்டை போடுகிறது என்பதை ஆடிய எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் எழுத்துக்கும் கடைசியில் வரும் எழுத்துக்கும் பெரிய ஒட்டுறவு இல்லை. பேச்சிலும் பாட்டிலும் சொற்கள் முடிகிற மெய்களை எண்ணிப் பாருங்கள்: ண், ம், ன், ய், ர், ல், ழ், ள். இந்த எட்டில், சொல்லுக்கு முதலாக வரலாம் என்று தொல்காப்பியம் ஒப்புக்கொள்வது ம, ய இரண்டை மட்டும்; அதிலும் யவுக்கு 'யா' ஒன்றுதான். ர, ல வடசொல்லையும் பிறமொழிச் சொல்லையும் நம்பிப் பிழைக்கின்றன. ண, ன, ழ, ள நான்குக்கும் ஒரு பாட்டுக்கூடக் கிடைக்காது. 'அவன்' என்று முடித்துவிட்டு எதிரணி நிம்மதியாக உட்கார்ந்துவிடும்.

அதற்கு ஒவ்வொரு வீடும் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறது. 'ன'வை 'ந' என்று எடுத்துக்கொள்ளலாம், காதுக்கு ஒன்றுதானே என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. ழ, ள வந்தால் அதற்கு முந்தைய எழுத்துக்குப் போய்விட வேண்டும். நெடிலில் முடிந்தால், இழுத்த ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வதா, மெய்யையும் சேர்த்தா என்று ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சண்டை. அந்தாதி பாடிய புலவர்கள் முடிந்த எழுத்தையோ அசையையோ சொல்லையோ எடுத்து அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்; அவர்களுக்குத் தப்பிக்க வழி கூடுதல். நமக்கு ஒற்றை எழுத்துதான்.

ஆனால் இந்த ஆட்டத்தில் வயதுக்கு ஒரு சமநிலை தானாகவே வந்துவிடுகிறது. அத்தையிடம் கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டுகள், தங்கையிடம் எண்பதுகள், பிள்ளைகளிடம் போன மாதம் வந்தவை. யாரும் யாரைவிடவும் அதிகம் அறிந்தவர் இல்லை. அத்தை எடுத்த ஒரு பாட்டு எந்தப் படம் என்று யாருக்கும் தெரியாது, "நம்பலாமா?" என்று பிள்ளைகள் கேட்க, அவர் முழுப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார். அவர் அவ்வளவு நன்றாகப் பாடுவார் என்பது எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

கைபேசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. 2020 ஊரடங்கில் லூடோ செயலி பிரிந்திருந்த குடும்பங்களைச் சேர்த்து வைத்தது. துபாயில் இருந்த மாப்பிள்ளையும் நாங்களும் இரவு இரவாக ஆடினோம். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதே கண்ணாடிச் சதுரத்துக்குள் பணம் கட்டி ஆடும் ரம்மியும் வந்தது. கடனில் மூழ்கிய வீடுகளும் உயிரை விட்டவர்களும் உண்டு. தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. 2025இல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அதையெல்லாம் தாண்டி எனக்கு ஒரு சின்னக் குறை இருக்கிறது. செயலிக்கு வீட்டு விதி தெரியாது. சின்னவளுக்குத் தாயமே விழாமல் பத்து முறை போனால் அது பொறுத்துப் போகாது. "போனாப் போகுது, ஒரு காய் இறக்கிக்கோ" என்று சொல்லாது. அதில் போங்காட்டம் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒப்புக்குச் சப்பாணியும் கிடையாதே!

ஆக, ஏழு பேருக்கான பாயில் நான் விரிப்பது தாயக்கட்டம். நாலு பேர் ஆட, மூன்று பேர் ஒவ்வொருவர் பக்கம் சேர்ந்துகொண்டு யோசனை சொல்லலாம். அந்த யோசனைதான் ஆட்டத்தைவிடச் சுவை. இடையில் காபி வந்தால் கேரம் பலகை இறங்கும். வெளிச்சம் மங்கியதும் பாட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்குக் கடைசிக் காய் பழமாக இன்னும் ஒரே ஒரு தாயம் வேண்டியிருந்தது. அத்தைக்கும் அதே நிலை. மின்சாரம் போய்விட்டது. மாப்பிள்ளை கைபேசி விளக்கைப் பிடிக்க, இருவரும் மாறி மாறி உருட்டினார்கள். மூன்று, நாலு, இரண்டு, மூன்று. அத்தை கட்டையை எடுத்துச் சின்னவள் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் அவள் கையைப் பொத்தி, எப்படி உருட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "மெதுவா. சத்தம் கேக்குதா? இப்ப விடு." கட்டை உருண்டு பாயின் ஓரத்தைத் தாண்டித் தரைக்குப் போனது. எல்லோரும் குனிந்தோம்.